வலது மூலை

ஐப்பசி, வெள்ளி இரவு.

எங்கள் கடை வெப்சைட்டில் வீடியோ பிளேயர் பிளக்-இன் போட்டு முடித்தேன். பிளேயர் முழுக்கக் கடையின் அரக்கு நிறம், வலது மூலையில் கடை லோகோவான அன்னம். எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அண்ணனும் அண்ணியும் கோர்வைப் புடவை நெய்யும் வீடியோ அது. போன வருஷம் அவர்களுக்குப் பின்னால் நின்று நான் எடுத்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்பதால் கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ள அண்ணி எப்போதும் வலப்பக்கம்தான் உட்காருவார். அவர் தவறிப்போன பிறகு அந்த இடத்தில் வேறு ஆளை உட்காரவைக்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. ஒற்றை ஆளாகச் சாதாப் புடவைதான் நெய்கிறார்.

வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இன்னாமா, அவ குந்துற எடத்துல அன்னம் குந்திக்கினு இருக்குது?” என்றார்.

சே! எத்தனை முறை ஓடவிட்டுச் சரிபார்த்தேன். நிறத்தைப் பார்த்தேன், அண்ணியைப் பார்க்கவில்லை.

லோகோ இல்லாவிட்டால் வீடியோவைத் திருடிப் போட்டுக்கொள்வார்கள். இந்த பிளக்-இன்னில் இடது, வலது என்று இரண்டே மூலைதான். “இந்தப் பக்கம் மாத்துனா நீ மறைஞ்சிடுவியேண்ணா,” என்றேன்.

“மறைஞ்சா இன்னா? அவ தெரியட்டும்மா.”

மாற்றிவிட்டேன். இப்போது மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிறேன். அன்னத்துக்குள்ளிருந்து நாடா அண்ணியிடம் வருகிறது. அண்ணி முகத்தைத் திருப்பி, அன்னத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.