ஆதாரத்தோடு ஒரு பத்தி

சாந்தோம்,
ஜூலை 1942

திருச்சியில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டில் செழிக்கும் என் மகாராணிக்கு,

எதிர்வீட்டு ஐவி ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பியானோவோடு ஓடினாளே, மாமியாரை மட்டும் மறந்துவிட்டாள். கிழவி இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

வகுப்பில் பாதி பெஞ்சு காலி. மிச்சமிருக்கும் பையன்களுக்கு, ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு ஆதாரம் காட்டிப் பத்தி எழுதக் கற்றுத்தருகிறேன். ஆதாரமே இல்லாமல் வம்பு பேசிக் காலம் தள்ளியவன் நான்!

நேற்றுக் காலை, ரங்கூனில் நம் பெரியவனோடு வேலை பார்த்தவர் வந்தார். காடு வழியாக நடந்தே வந்தாராம். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. அவர் போனதும் நான் பள்ளிக்கூடம் போனேன். வேறு எங்கே போவது?

அங்கே நொச்சிக்குப்பத்துப் பவுல்சாமி எழுதிய பத்தி இது: "எங்கள் சாருடைய மகன் பர்மாவில் நலமாக இருக்கிறார். ஆதாரம்: சார் இன்றைக்கும் எங்களைச் சிரிக்க வைத்தார்."

"சரியா கீதுங்களா, சார்?" என்றான்.

"ரொம்ப சரிடா" என்று பத்துக்குப் பத்து போட்டேன்.

நீ அவனைப்போல் எழுதிவிடாதே. நான் சிரிக்கப் பேசுகிறேன் என்று எதையும் முடிவுகட்டாதே. சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். அன்றைக்கு உன் அண்ணனை வெளியே எங்கும் போகாமல் உன் பக்கத்திலேயே இருக்கச் சொல்.

உன் வாயாடி