கூட்டாமல் விட்ட படிக்கட்டு

மே 6, செவ்வாய்

மகளின் மாணவர் கடன் பற்றிய கடிதம் வந்துவிட்டது. லக்‌ஷிகாவுக்கு ஆகக் குறைந்த தொகைதானாம். எங்கள் வீட்டு வருமானம் கூடவாம். மீதியைப் பெற்றோர் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கிறார்களாம். எங்களை வசதியான ஆட்கள் என்று யாரும் எழுதித் தந்தது இதுதான் முதல் தடவை. சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

அவர்கள் பார்த்திருப்பது முந்திய ஒரு வருடத்துக் கணக்கை. இந்த இல்ஃபோர்ட் வீட்டுக்கு முற்பணம் சேர்க்க இவர் கிடங்கில் இரட்டை ஷிப்ட், நான் முதியோர் இல்லத்தில் சனி ஞாயிறும் என்று ஓடிய வருடம் அது. அந்தக் காசு சுவராகிவிட்டது. சுவரை உடைத்தா மான்செஸ்டரில் அறை வாடகை கட்டுவது? அவளுக்கு இடம் தருவதாகச் சொன்ன பல்கலைக்கழகம் அங்கேதான்; லண்டன் கம்பஸ் இரண்டும் இடமில்லை என்றுவிட்டன.

"ஓகே அம்மா, பாப்பம்" என்றாள் பிள்ளை. முகம் ஓகே என்று சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

இவர் குத்திக்காட்டாமல் கடிதத்தை மடித்து லாச்சியில் வைத்துவிட்டார். அதுதான் கூடச் சுடுகிறது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஜெர்மனியை விட்டு வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான். பிள்ளை இங்கிலிஷில் படிக்கவேண்டுமாம். எங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக லண்டனுக்கு வந்துகொண்டிருந்த காலம். இவர் ஒரே ஒரு தரம் சொன்னார்: "மலர், இஞ்ச ஜெர்மனியில கம்பஸுக்குக் காசு கேக்கமாட்டினம்." நான் காதில் போடவில்லை.

மே 18, ஞாயிறு

இன்று முழுக்க டோர்ட்முண்ட் வீட்டுப் படிக்கட்டு நினைவாகவே இருந்தது. மூன்றாம் மாடியில் நாங்கள், இரண்டாம் மாடியில் இவருடைய அக்கா நகுலேஸ்வரி மச்சாள். கிழமைக்கு ஒரு வீட்டார் படிகளைக் கூட்டித் துடைக்கவேண்டும். முறை யாருக்கோ அவர் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். வேலை முடிந்ததும் அதை அடுத்த கதவில் மாட்டவேண்டும். ஐந்து வயதில் லக்‌ஷிகாவுக்கு அது பெரிய உத்தியோகம். ஆணி எட்டாது. பலகையை நெஞ்சோடு பிடித்தபடி, "மாமி, உங்கட முறை" என்பாள். மச்சாள் ஒரு சொக்லேட் கொடுப்பார்.

எனக்கு அந்தப் பலகையைக் கண்டாலே அப்போது எரிச்சல். இப்போது அந்தச் சவர்க்காரத் தண்ணீர் மணம்கூட வேண்டும்போல் இருக்கிறது.

நாங்கள் வெளிக்கிட்டதும் எங்கள் கிழமையில்தான். சாமான் ஏற்றிய வான் கீழே நின்றது. கூட்டாமலே பலகையை மச்சாள் கதவில் மாட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

வருமானம் குறைந்துவிட்டது, திரும்பப் பாருங்கள் என்று எழுதிப் போட்டோம். நூற்றுக்குப் பதினைந்து குறைந்திருக்கவேண்டுமாம். எங்களுக்குப் பன்னிரண்டு. இன்னும் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கலாம்.

ஜூன் 22, ஞாயிறு

சனி ஞாயிறு வேலையைத் திரும்ப எடுக்கப்போவதாகச் சொன்னேன். லக்‌ஷிகா தலையில் கை வைத்தாள். "அம்மா, அப்ப இன்கம் கூடும். பிறகும் இதே கடிதம்தான் வரும்."

கெட்டிக்காரி. உழைத்தாலும் பிழை, உழைக்காவிட்டாலும் பிழை.

ஜூலை 12, சனி

"அம்மா, கோவிக்காதேங்கோ. டோர்ட்முண்ட் கம்பஸுக்கும் போட்டிருக்கிறன். மாமி தன்னோட வந்து இருக்கட்டாம்."

சுலபமாக மார்க் வரும் என்றுதான் ஏ லெவலுக்கு ஜெர்மன் எடுக்கச் சொன்னேன்; அதுவே அவளுக்கு வழியாகிவிட்டது. நான் வெங்காயத்தை வெட்டிக்கொண்டே நின்றேன். அப்ப நான் ஏன் இவளைக் கூட்டிக்கொண்டு வந்தனான்? ஒன்பது வருசம் — இவற்ற நாரி முறிஞ்சது, என்ர முழங்கால் தேஞ்சது — எல்லாம் ஆருக்கு?

நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் இவர் பதில் சொன்னார்: "பிள்ளைக்கு இப்ப இங்கிலிஷும் தெரியும்தானே, மலர்."

ஆகஸ்ட் 14, வியாழன்

ஏ லெவலில் நல்ல பெறுபேறு. இரண்டு இடமும் கிடைத்தது. மான்செஸ்டரை அவளே வேண்டாம் என்று எழுதினாள். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்டது.

செப்டெம்பர் 28, ஞாயிறு

போய்விட்டாள். பெட்டியில் பாதி மிளகாய்த்தூள்.

அக்டோபர் 19, ஞாயிறு

படம் அனுப்பியிருக்கிறாள். மச்சாளின் கதவு, அதே பலகை, கயிறு மட்டும் புதிது. பக்கத்தில் விளக்குமாற்றோடு நிற்கிறாள். எட்டாத அந்த ஆணி இப்போது அவள் தோளுக்குக் கீழே.

கூடவே குரல் பதிவு: "அம்மா, இந்தக் கிழமை எங்கட முறை. நான் எங்கட பழைய கதவடியில இருந்தே கூட்டிக்கொண்டு வந்தனான். நீங்கள் கூட்டாமப் போன கிழமை இதோட சரியாம், மாமி சொல்லச் சொன்னவா."

ஒன்பது வருடமாக மச்சாள் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அன்று வானில் ஏறும்போது எனக்கு அழுகை வரவில்லை. இன்று வந்தது.

இவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "மூலையளையும் துடைச்சவளோ எண்டு கேட்டு எழுது" என்றார்.