சித்தன் கைக்கு எது ஒத்துவரும்?

9 டிசம்பர் 1984

ஆறாம் வகுப்பில் கண்ணாயி என்றொரு சிறுமி ஒருமுறை கேட்டது, இன்று கெண்டைக்காலில் தேங்காய் எண்ணெய் தடவும்போது நினைவுக்கு வந்தது. "ஏனுங்க சார், எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அப்புறம் எண்ணெய் பூசுனா தோலுக்கு எப்படிங்க ஈரம் வரும்?"

அன்று ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி மூடி போட்டுக் காட்டினேன். மூடி தண்ணீர் தருவதில்லை. இருப்பதைப் போகவிடாமல் வைத்திருக்கிறது. எண்ணெயும் அப்படித்தான்.

ஏற்காட்டுக் குளிருக்கு என் கால் இப்போதே சாம்பல் பூத்துவிட்டது. நகத்தால் கீறினால் சிலேட்டில் எழுதியதுபோல் கோடு விழுகிறது. அதே வீடு, அதே தண்ணீர், என் மனைவி ராசம்மாள் முகத்தில் மட்டும் எண்ணெய் மினுங்குகிறது. போன வருஷம் என் கோல்டு கிரீமை எடுத்துப் பூசி மூக்கெல்லாம் பரு வாங்கிக்கொண்டாள்.

"உங்க தோலு கரடியூர்ப் பாறைங்க. என்னுது வயக்காடு. ரெண்டுக்கும் ஒரே மழை ஆகுமா?" என்கிறாள். முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான். உவமை அவளுக்கு வருகிறது.

12 டிசம்பர்

ஏரிக்கரை ஓட்டலில் இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

சித்தன் அங்கே பல வருஷமாக சர்வர். மஞ்சக்குட்டைக்காரர். யாருக்குச் சர்க்கரை குறைவு, யாருக்குச் சட்னி இரண்டு முறை என்று கேட்காமலே கொண்டுவந்து வைப்பார். பனிக்காலத்தில் அவர் கை வெடிக்கும். இந்த வருஷம் அதிகம். விரல் எல்லாம் செதில் செதிலாக, கணுவில் சிவந்து பிளந்திருக்கிறது.

பக்கத்து மேசையில் வெளியூர்க் குடும்பம். அந்த அம்மாள் தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு, "இவருக்குக் கையில என்ன வியாதி?" என்று ஓட்டலே கேட்கும்படி கேட்டாள். சித்தன் இரண்டு கையையும் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். என் காபி ஆறிப்போனது.

13 டிசம்பர்

சித்தனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தொற்று இல்லை, வெறும் வறட்சி, விடாமல் ஏதாவது களிம்பு தடவச் சொன்னார் டாக்டர். "ஏதாவது" என்றால் எது?

15 டிசம்பர்

ஓட்டல் முதலாளி பாலசுப்பிரமணியத்திடம் போய்ச் சொன்னேன். சேலத்து மனிதர், கெட்டவர் இல்லை.

"தொத்து இல்லைன்னு எனக்குத் தெரியுதுங்க வாத்தியாரே. வர்றவங்களுக்கு நான் போர்டு எழுதியா மாட்ட முடியும்?"

சித்தனைப் பின்கட்டில் விறகு, தண்ணீர் வேலைக்குப் போட்டுவிட்டார். கோடை சீசனுக்குள் கை சரியாக வேண்டும். இல்லாவிட்டால் மேசைகளுக்குச் சேலத்திலிருந்து ஆள் வரும், சித்தன் பின்கட்டோடுதான்.

வரும்போது சித்தன் சொன்னார்: "விறகு தூக்கறது கேவலமில்லீங்க சார். ஆனா விறகுகிட்ட என்னத்தைங்க பேசறது?"

18 டிசம்பர்

கிளிசரின் வாங்கிக் கொடுத்தேன். சாக்பீஸ் பிடித்துப் பிடித்து என் விரல் வெடித்த காலத்தில் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

19 டிசம்பர்

தண்ணீர் கலக்கச் சொல்ல மறந்துவிட்டேன். அப்படியே பூசி எரிச்சலில் துள்ளியிருக்கிறார் பாவம். ராசம்மாள் தண்ணீர் கலந்து கொடுத்தனுப்பினாள்.

2 ஜனவரி 1985

கிளிசரின் ஆகவில்லை. பிசுபிசுவென்று விறகுத் தூளெல்லாம் ஒட்டுகிறதாம். மருந்துக்கடையில் மெல்லிய லோஷன் ஒன்று வாங்கினேன். மல்லிகை மணம்.

5 ஜனவரி

லோஷனும் போயிற்று. சித்தன் தூக்கிவைத்த குடத்துத் தண்ணீரில் சமையல்காரர் சாம்பார் வைத்து, "ஏஞ்சித்தா, சாம்பாருக்குப் பூ வெச்சு உட்டியா?" என்று கேட்டாராம். சொல்லிச் சிரிக்கிறார். கை மட்டும் சிரிக்கவில்லை. புதிதாக ஒரு வெடிப்பு.

14 ஜனவரி

பொங்கல். வாசலின் கொடுத்தேன். இதைவிடக் கெட்டியான மூடி கிடையாது.

23 ஜனவரி

வாசலினுக்கும் வெடிப்பு அசையவில்லை. எப்படி? என் காலுக்கு மூன்றே நாளில் கேட்டதே. அவர் தோலே வேறு வகையோ? எனக்குப் புரியவில்லை. நேற்று முதலாளி சித்தனின் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாவுக்குப் போனாராம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

27 ஜனவரி

புரிந்துவிட்டது!

மாலை சித்தன் வந்திருந்தார். ராசம்மாள் வடை கொடுத்தாள். தின்று முடித்ததும், "அம்மணி, ஆரஞ்சுத் தோலு இருக்குதுங்களா?" என்று கேட்டு வாங்கி, உள்ளங்கை, விரலிடுக்கு எல்லாம் பரபரவென்று தேய்த்தார். தேய்க்கும்போதே முகம் சுளித்தது.

இந்த மலையில் எல்லோரும் செய்வதுதான். பலாப் பிசினா, எண்ணெயா, மண்ணெண்ணெய் நாற்றமா, எதற்கும் ஆரஞ்சுத் தோல். நானும் தேய்ப்பேன். அதனால்தான் கண்ணிலேயே படவில்லை.

"சித்தா, வேலை நேரத்துலயும் இதைத் தேய்க்கறதா?"

"தேய்க்காம? நீங்க குடுத்ததைப் பூசுனா குடம் வழுக்குதுங்களே. பூசிப்போட்டு, ஆரஞ்சுத் தோலுல நல்லாத் தேய்ச்சு எடுத்துட்டுத்தானுங்க குடத்தைத் தொடுவேன்."

"அதான் பூசிட்டோமில்ல, மருந்து உள்ள போயிருக்கும்னு நெனச்சாரு போல" என்று ராசம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, வேலை செய்யற கைக்குப் போய் வழுக்கறதை வாங்கிக் குடுத்தீங்களே."

மூடி போட்ட கையோடு மூடியைப் பிடுங்கி, சட்டியையும் சுரண்டியிருக்கிறார். ஆரஞ்சுத் தோலின் சாறு வெடிப்புக்குள் போய் எரித்திருக்கிறது. இதில் கிளிசரின் என்ன செய்யும், வாசலின்தான் என்ன செய்யும்?

28 ஜனவரி

யோசித்தேன். தோல் எப்படி என்று மட்டும் பார்த்தேன். அந்தத் தோல் பகலெல்லாம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவில்லை. நடவு வயலுக்குப் போகிறவனுக்கும் கல்யாணத்துக்குப் போகிறவனுக்கும் ஒரே செருப்பா?

பகலுக்கு: மணமில்லாத, உள்ளே இழுத்துக்கொள்ளும் வெள்ளை கிரீம். கை கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் மிளகு அளவு. அதற்கு மேல் கூடாது.

ராத்திரிக்கு: வாசலின் தாராளமாக. மேலே பழைய காலுறை இரண்டு.

ஆரஞ்சு: சுளை மட்டும். உரித்துத் தருவது அவர் மனைவி மாதம்மாள்.

6 பிப்ரவரி

சித்தன் மனைவி மாதம்மாளைச் சந்தையில் பார்த்தேன். "என்னங்க சார் இது, ராத்திரியில கையில சாக்ஸ மாட்டிக்கிட்டு? கரடி பூந்த ஊடு மாதிரி இருக்குதுங்க. பேரப்புள்ள அலறுது."

கை எப்படி என்றேன். "எரிச்சல் நின்னு போச்சுங்க" என்றாள், சத்தமில்லாமல்.

20 பிப்ரவரி

வெடிப்பு மூடுகிறது. கட்டைவிரல் மட்டும் அடம்.

11 மார்ச்

பனி விலகிவிட்டது. அதுவும் சேர்ந்து உதவியிருக்கும். எல்லாப் பெயரையும் கிரீமுக்கே கொடுக்கக்கூடாது.

24 மார்ச்

சேலத்தில் ஆள் பார்த்தாயிற்றாம். சித்திரையில் வருகிறானாம். யாரும் சித்தனிடம் சொல்லவில்லை, பால்காரர் வாயால் தெரிந்திருக்கிறது. என்னத்தைச் சொல்வது? கை நன்றாக ஆகிவிட்டதே, அதை ஒரு தடவை பார்க்கக்கூடாதா அந்த மனுஷன்?

25 மார்ச்

பார்க்கவில்லை என்றால் காட்ட வேண்டியதுதான். சித்தனிடம் சொன்னேன். "நானாப் போயி கைய நீட்டறதுங்களா சார்? பிச்சை கேக்கறாப்புல இருக்குமுங்க" என்றார். வற்புறுத்தவில்லை.

6 ஏப்ரல்

போயிருக்கிறார். அவராகவே. கல்லாவுக்கு எதிரே வெளிச்சத்தில் நின்று இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறார். முதலாளி விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாராம். "தொட்டாருங்க சார்" என்று இரண்டு முறை சொன்னார் சித்தன். பிறகு கல்லாவைத் திறந்து சில்லறை எண்ணப் போய்விட்டாராம்.

21 ஏப்ரல்

ஓட்டலில் சீசன் கூட்டம். சேலத்து ஆள் வந்துவிட்டான், நல்ல பையன், வாசல் பக்க மேசைகளைப் பார்க்கிறான்; ஜன்னல் பக்க மேசைகள் மறுபடி சித்தனுக்கே. ஜன்னல் பக்கம் ஒரு கைக்குழந்தைக்காரி பால் கேட்டாள். சித்தன் ஆற்றிக் கொண்டுவந்தார். அவள் குழந்தையோடு பேசிக்கொண்டே கை நீட்டி, அவர் கையிலிருந்தே டம்ளரை வாங்கிக்கொண்டாள். அந்தக் கையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு காபி வைக்கும்போது, "சர்க்கரை கம்மிங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த மேசைக்குப் போய்விட்டார், நிற்க நேரமில்லை.

கிளம்பும்போது பாலசுப்பிரமணியம் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். செதில். "வாத்தியாரே, சித்தனுக்குக் குடுத்ததை எனக்கும் வாங்கித் தாங்களேன்."

"அது சித்தன் கைக்குங்க. உங்க காலைப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதி வைக்கிறேன், யார் கேட்டாலும் முதலில் இதுதான்: நாளைக் காலை குளித்துத் துடைத்தபின் ஒரு மணி நேரம் உடம்பில் எதையும் தடவாமல் இருங்கள், பிறகு எந்த இடம் வறண்டு இழுக்கிறது, எந்த இடம் மினுங்குகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.