கூட்டிப் பார்க்கக் கூடாத மார்க்

சனி, 10 ஆகஸ்ட் 1974. மெல்பர்ன்.

அமெரிக்க ஜனாதிபதி பதவி விலகிவிட்டார். ஜனாதிபதிகளை மதிப்பிட்டுத் திங்கட்கிழமை பல்கலைக்கழக வகுப்பில் நான் பேசவேண்டும். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட றிப்போட் மாதிரி ஒவ்வொருவருக்கும் பாடவாரியாக மார்க் போட்டுக் கூட்டினேன். இவருக்கு முன்பிருந்தவருக்குக் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகத் தொண்ணூறு, வியட்நாம் போருக்குப் பத்து. சராசரி ஐம்பது, பாஸ்.

குசினியில் அடுப்புப் பக்கத்தில் வைத்து லான் அதை வாசித்தாள். என் அறைத்தோழி, சைகோன்காரி. அவளுடைய அண்ணா அந்தப் போரில்தான் செத்தார்.

"டீச்சர், அந்தப் பத்து மார்க் எதற்கு? கையெழுத்து அழகாக இருந்ததற்கா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

சராசரியை இப்போது வெட்டிவிட்டேன். பத்தையும்தான். வாக்குரிமையை ஒரு பக்கமும் போரை மறுபக்கமும் வைத்துப் பேசப்போகிறேன். "மொத்தத்தில் பாஸா, ஃபெயிலா?" என்று கேட்காமல் விரிவுரையாளர் விடமாட்டார். கூட்டமாட்டேன் என்று சொல்வேன். லானும் வந்து பின்வரிசையில் இருப்பாளாம்.