தொடரில் வரும் மூத்த மகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாக இருப்பது தெரியும். போன வாரப் பத்திரிகையில் உன் படம் பார்த்தேன், கன்னம் உப்பியிருக்கிறது. நாங்களும் இருக்கிறோம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

மாலை ஆறரைக்கு நீ எழுதும் தொடர் வருகிறது. தெருவே பார்க்கிறது. பெற்ற தாயை அறையில் போட்டுப் பூட்டி, சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுக்கும் அந்த மூத்த மகளை மருந்துக்கடைக்காரர்கூடத் திட்டித் தீர்க்கிறார். அவளுக்கு என் மூக்குக்கண்ணாடி, என் நடை. அம்மாவை நான் செல்லமாக "மகாராணி" என்பேனே, அதையும் அவள் வாயில் குத்தலாக வைத்துவிட்டாய். அப்போதே கேட்டேன். "சண்டை இல்லாம கதை நகராதுக்கா. நீ அம்மாவ நல்லா பாத்துக்கறேன்னு எழுதினா எவன் பாப்பான்?" என்று சிரித்தாய். வாஸ்தவம்தான். பன்னிரண்டு வருஷமாக நான் மலமும் மூத்திரமும் அள்ளுவதை நீயே வந்து பார்த்ததில்லை.

அம்மாவுக்கு நினைவு தப்புகிறது என்று சொல்லியிருந்தேன். இப்போது அவள் உன் கதைக்குள் குடிபோய்விட்டாள். நான் தட்டோடு போனால் வாயை இறுக மூடிக்கொண்டு, "இவ என்னமோ கலந்துட்டா" என்று அடுத்த வீட்டு டீச்சரைக் கூப்பிடுகிறாள். அதே தட்டில் தின்று காட்டினேன், நம்பவில்லை. டிவியை அணைத்தால், அந்தப் பாவப்பட்ட அம்மாவுக்கு என்ன ஆச்சோ என்று அழுகிறாள். டீச்சர் ஊட்டினால் மட்டும் நாலு வாய் இறங்குகிறது. அவருக்கு மாற்றல் வந்துவிட்டது, மாதக் கடைசியில் கிளம்புகிறார். அம்மாவின் எடை முப்பத்தாறு கிலோ.

உன்மேல் எனக்குள்ள ஆத்திரம் சாகும்வரை ஆறாது. அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். நீ வந்து ஊட்டு என்று கேட்கவில்லை, வரமாட்டாய். மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு காட்சி எழுது. அந்த மகள் தட்டோடு வரட்டும். அந்த அம்மா அவள் கையால் வாங்கிச் சாப்பிடட்டும். கதவை உடைத்துக்கொண்டு யாரும் வர வேண்டாம், இடி இடிக்க வேண்டாம். முதலில் அந்த மகள் அம்மாவின் காலில் விழ வேண்டுமென்றால் விழட்டும். செய்யாததற்கெல்லாம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை மட்டும் காமிராவை வேறு பக்கம் திருப்ப விடாதே.

நன்றாக இரு.

உன் அக்கா