சக்கரவர்த்திக்கு ஒரு படி

பிப்ரவரி 2

மேகங்களுக்கு மேலே குடியிருந்து காற்றுக்கும் மழைக்கும் தினமும் வருகைப் பதிவு எடுக்கும் என் மருமகளுக்கு, தரைமட்டத்தில் மூக்குக்கண்ணாடி விற்றுப் பிழைக்கும் தாய்மாமன் எழுதிக்கொள்வது.

நான் நலம். மாடியில் உன் அம்மாவும் நலம். இன்று காலையில் மட்டும் என்னை மூன்று தடவை திட்டினாள். சாதாரண நாளில் இரண்டுதான்.

மூன்றாவது திட்டுக்குக் காரணம், நான் ஒரு வண்டி வாங்கிவிட்டேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப்பு. வயது இருபத்திரண்டு. முன்பு வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லையாம். புலியை வாங்கி வாசலில் கட்டி, பால் ஊற்றி வளர்த்திருக்கிறார் அந்த மனுஷன். நான் அதற்குச் சக்கரவர்த்தி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எதற்கு என்று கேட்பாய். மூன்று வருஷத்துக்கு முன்பு நீ அந்த வானிலை நிலையத்து வேலைக்குக் கிளம்பிய அன்று, உன் அம்மா வாசலில் நின்று, "போ. உன் மலையில என் கால் படாது" என்றாள். அதோடு சரி. உனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஆனால் உன் கடிதத்தை நான் கடையில் உட்கார்ந்து, எனக்கு நானே படித்துக்கொள்கிற பாவனையில், மாடிக்குக் கேட்கிற குரலில் வாசிப்பேன். அப்போது மேலே தையல் மிஷின் நின்றுவிடும். நான் கையெழுத்து வரை வாசித்து முடித்த பிறகுதான் மறுபடி ஓடும்.

கால்தானே படக் கூடாது, சக்கரம் படலாமே. அவளைக் கொண்டுவந்து உன் வாசலில் நிறுத்துவேன். உங்கள் சாமான் லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து வர அவள் வலது முழங்கால் இடம் கொடுக்காது. அதனால் சக்கரவர்த்தியைத்தான் மலைக்குத் தயார் செய்ய வேண்டும். பாதையை அளந்து எழுது.

இப்படிக்கு,
மலைகளை நடுங்கவைக்கப் போகும் உன் மாமன்


பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் லாரியில் வந்தது. மலைகள் இன்னும் நடுங்கவில்லை. காற்று மட்டும் மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர்.

தார் ரோடு முடிந்ததிலிருந்து நிலையம் வரை பதினான்கு கிலோமீட்டர். இரண்டாவது கிலோமீட்டரில் ஆறு. மழை அளக்கிற என் கோலை விட்டுப் பார்த்தேன், ஆழம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். அதன் பிறகு மூன்று கிலோமீட்டர் சேறு. ஒன்பதாவது கிலோமீட்டரில் பாதையின் குறுக்கே ஒரே பாறை, படிக்கட்டு மாதிரி, உயரம் முப்பத்துநான்கு. அதைத் தாண்டினால் ஏழு கொண்டை வளைவுகள். உங்கள் ஜீப்பின் அடிவயிறு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதுங்கள். பட்டப்பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும்.

இன்னொரு விஷயம். எங்கள் நிலையத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை எனக்குத் தருகிறார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், மே முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கேட்ட அன்று தரையில் கால் நிற்கவில்லை. மறுநாள் யோசித்தேன். இன்னும் ஐந்து வருஷம் அம்மா பேசாமல் என்னால் இருக்க முடியாது மாமா. அம்மா ஒரே ஒரு தடவை வந்து இந்த இடத்தைப் பார்த்துவிட்டால் கையெழுத்துப் போடுவேன். இல்லாவிட்டால் வேலையை விட்டு இறங்கி வந்துவிடுவேன். ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். அப்புறம் அக்டோபர் வரை அந்த ஆறு எந்த வண்டியையும் விடாது.

இந்தப் பத்தியை மட்டும் மாடிக்குக் கேட்காமல் வாசியுங்கள்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 12

எண் மட்டும் கேட்கும் ஈவு இரக்கமற்ற மருமகளுக்கு,

பதினெட்டு. இது போன மாசத்துக் கதை. இன்றைக்கு இருபத்தொன்பது.

பட்டறைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைதான் பேசுவார். மௌனசாமி என்று கூப்பிடுகிறேன், மறுக்கவில்லை. மறுத்தால் ஒரு வார்த்தை செலவாகிவிடும். முதலில் பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றி உயரமானவற்றைப் போட்டார். சக்கரவர்த்தி சிம்மாசனத்திலிருந்து எழுந்து நின்றார். அடுத்து டயர். ஒவ்வொன்றும் சின்னக் கிணறு அளவு, அதன் பள்ளங்களில் ஒரு குடும்பம் குடியேறலாம். போட்டு முடித்து ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசி ஊரையே கூட்டியது. மௌனசாமி, "வெட்டணும்" என்றார். வெட்டினார். அன்றைக்கு அவருக்கு மிச்சம் ஐந்து வார்த்தை.

எஞ்சினுக்கு அடியில் கனத்த இரும்புத் தகடு. ஆற்றுத் தண்ணீரை எஞ்சின் குடித்துவிடாமல் இருக்க, காற்று இழுக்கிற குழாயைக் கண்ணாடி ஓரமாகக் கூரைக்கு ஏற்றியாகிவிட்டது. முப்பது வருஷமாக மூக்குகளைப் பார்த்துப் பிழைக்கிறேன், தலைக்குமேல் மூக்கு உள்ள வாடிக்கையாளர் எனக்கு இவர்தான் முதல்.

ஒரு சின்னச் சங்கடம். இத்தனையும் செய்து ராஜநடையில் வீட்டுக்கு வந்தால், ஷெட்டுக்குள் வண்டி நுழையவில்லை. இரண்டு விரல்கடை உயரம் அதிகம். நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கி, தலை குனிய வைத்து உள்ளே விட்டேன். சக்கரவர்த்தி இப்போது தினமும் மாலையில் பெருமூச்சு விட்டுத்தான் படுக்கிறார்.

உன் அம்மா பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறாள். "ஏண்டா, இது வண்டியா, தண்ணித் தொட்டியா? மேல என்ன குழாய்?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டாள். ஆனால் கேட்டாள்.

இப்படிக்கு,
இருபத்தொன்பது சென்டிமீட்டர் மாமன்


மார்ச் 27

அன்புள்ள மாமாவுக்கு,

இருபத்தொன்பது நல்ல எண். எங்கள் லாரி டிரைவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பிரேக் குழாய் இழுபட்டு நிற்கும், நீளமாக மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது, அந்தப் பாறையை எந்த டயரும் தனியாக ஏறாது. முன்னால் கம்பிவடம் சுற்றும் வின்ச் வேண்டும், மேலே ஒரு பெரிய மரம் இருக்கிறது, அதில் கட்டி வண்டி தன்னையே இழுத்துக்கொள்ள வேண்டும்.

அலுவலகத்திலிருந்து ஒப்பந்தக் காகிதம் வந்துவிட்டது. மழைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அம்மா குழாயைப் பற்றிக் கேட்டபோது சிரித்தாரா?

அன்புடன்,
மருமகள்


ஏப்ரல் 14

அன்பு மருமகளுக்கு,

பிரேக் குழாய் மாற்றியாயிற்று. வின்ச் வந்தாயிற்று. முன் பம்பரில் உட்கார்ந்திருக்கிறது; இந்தத் தெருவையே இழுத்துப் பக்கத்துத் தெருவில் போட்டுவிடும். சோதனைக்காக வேப்பமரத்தில் கட்டி இழுத்தேன். வண்டி மரத்தை நோக்கி வந்ததா, மரம் வண்டியை நோக்கி வந்ததா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு அடுத்ததை எப்படி எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா பையோடு இறங்கி வந்தாள். கடைக்குப் போகிறேன், கொண்டுபோய் விடு என்றாள். நான் கதவைத் திறந்து, கட்டியக்காரன் மாதிரி குனிந்து நின்றேன். அவள் கைப்பிடியைப் பிடித்து வலது காலைத் தூக்கினாள். எட்டவில்லை. இடது காலை மாற்றித் தூக்கினாள். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு என்னைத் திட்டவே இல்லை. ஒரு வாரமாக ஒரு திட்டு கூட இல்லை.

ஆற்றுக்கு ஒரு உயரம், பாறைக்கு ஒரு உயரம் என்று பார்த்துப் பார்த்து ஏற்றினேன். எந்த ஒரு ஆளுக்காக இத்தனையும் செய்தேனோ அந்த ஆளின் முழங்காலை மட்டும் அளக்கவில்லை. ஊரெல்லாம் கண்ணுக்கு அளவெடுக்கிறவன் நான்.

உன் மாமன்


ஏப்ரல் 26

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீங்கள் சோகமாக எழுதிய இடத்தில்தான் எனக்கு வியர்த்தது.

கடைத்தெரு நம் வீட்டிலிருந்து நூற்றைம்பது அடி. அம்மா இருபது வருஷமாக நடந்துதான் போகிறார். அன்றைக்கு எதற்கு வண்டி? ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருந்தது?

எந்தப் பை மாமா? துணிப்பையா, ஜிப் வைத்த பழுப்புப் பையா? உடனே எழுதுங்கள். லாரி திங்கட்கிழமை கிளம்புகிறது.

மருமகள்


மே 8

கண்ணாடி போடாமலே எல்லாவற்றையும் பார்க்கும் என் மருமகளுக்கு,

ஜிப் வைத்த பழுப்புப் பை. ஊருக்குப் போகிற பை. உன் கடிதம் வந்ததும் மாடிக்கு ஓடினேன், படிகள் எனக்கு வழி விட்டு ஒதுங்கின. பை கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தது. உள்ளே இரண்டு புடவை, ஒரு கம்பளிச் சட்டை, முழங்கால் தைலம்.

ஒரு குற்றத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மாடிக்குக் கேட்காமல் வாசி என்றாயே, அந்தப் பத்தியை நான் பால்கனிக்கு நேர் கீழே நின்று இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாவது தடவை கொஞ்சம் நிறுத்தி நிதானமாக.

உன் அம்மா என் பின்னாலேயே அறைக்குள் வந்தாள். பையின் முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கோபப்படவில்லை. இன்ச் டேப்பை எடுத்து என் கையில் கொடுத்து, சுவரோரமாக நின்று, காலை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கிக் காட்டினாள். "இருபத்திரண்டு சென்டிமீட்டர். அதுக்கு மேல ஒரு நூல் கூட வராது. எழுதிக்கோ" என்றாள்.

மறுநாள் மௌனசாமி கதவுக்குக் கீழே இரும்புக் குழாயில் இரண்டு படி வைத்தார். தரைக்கு இன்னும் ஒரு படி வேண்டும். அது பாறையில் இடிக்காமல் மடங்க வேண்டும், சேறு தங்கக் கூடாது, கால் வழுக்கக் கூடாது. மூன்று நாள் பழைய இரும்புக் கடையெல்லாம் அலைந்தேன். நாலாம் நாள் காலையில் மாடியில் மிஷின் சத்தமே இல்லை. உன் அம்மா இரண்டு கையாலும் ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். தையல் மிஷினின் மிதிபலகை. ஓட்டை ஓட்டையாக, கனத்த இரும்பு.

"முப்பத்தோரு வருஷம் மிதிச்சது. என் காலுக்குத் தெரியும். மாட்டு" என்றாள்.

மிஷின் ஓடாதே அக்கா என்றேன். ஊருக்குப் போகிறவளுக்கு மிஷின் எதற்கு என்று கேட்டுவிட்டு, கீல் எங்கே வர வேண்டும் என்று மௌனசாமிக்கு விளக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் அன்றைக்கு ஒன்பது வார்த்தை பேசினார்.

மே இருபத்துநாலு, சனிக்கிழமை. பேனாவில் மை நிரப்பி வை.

இப்படிக்கு,
மீண்டும் மலைகளை நடுங்கவைக்கப் போகும் மாமன்


மே 29

நிலையத் தலைவர் அவர்களுக்கு, சக்கரவர்த்தியின் சாரதி வீடு வந்து சேர்ந்து எழுதும் வெற்றி அறிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை மேகம் கறுத்ததும் நீயும் அவளும் சேர்ந்து என்னை விரட்டினீர்களே, நல்ல வேளை. ஆறு அதற்குள் கதவைத் தொட்டது. பத்திரமாக இறங்கிவிட்டேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்ததால் திட்ட ஆளில்லாமல் தூக்கம் வந்தது.

நீ பார்க்காத பகுதியை எழுதுகிறேன். போகும்போது ஆற்றின் நடுவில் நான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தேன். உன் அம்மா மடியில் பையை இறுக்கிக்கொண்டு, "முன்னாடி பார்" என்றாள், அவ்வளவுதான். சேற்றில் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. மௌனசாமி சொன்ன வித்தை ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "தினமும் ஷெட்டுல காத்த எறக்குவியே, இங்க எறக்கினா என்ன?" என்று அவள்தான் கேட்டாள். இறக்கினேன். டயர்கள் அகலமாகப் பரந்து, சேற்றின்மேல் தவழ்ந்து வெளியே வந்தன. ஷெட்டுக் கதவைக் குட்டையாகக் கட்டிய கொத்தனாருக்குச் சிலை வைக்க வேண்டும்.

பாறையில் வடத்தை மரத்தில் கட்டிவிட்டு நான் ஸ்டியரிங்கில் உட்கார வேண்டும். வின்ச்சின் பொத்தானை யார் அழுத்துவது? வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் அழுத்தி, நிறுத்தி, பார்த்து, மறுபடி கொஞ்சம். பட்டுத்துணியை ஊசிக்குக் கீழே நகர்த்துகிற மாதிரி ஒன்றரை டன் இரும்பைப் பாறைமேல் நகர்த்தினாள். ஏறி முடித்ததும் நான் ஊளையிட்டேன். காட்டில் இருந்த அத்தனை பறவையும் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. அவள் ஸ்விட்சின் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு, "தையல் நேரா வந்துருச்சு" என்றாள்.

கடைசி வளைவுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியைத் திருப்பித் தலையைச் சரி செய்தாள். "நான் அன்னிக்குச் சொன்னத அவ மறந்திருப்பாளா?" என்று கேட்டாள். நான் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். ஆனாலும் சரித்திரத்தில் இருக்க வேண்டும். அவள் இறங்கினாள், மிதிபலகை வரைக்கும். நடுப்படியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தன் பலகைமேல் வைத்துக்கொண்டாள். நீ வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாய். அரை மணி நேரம் இரண்டு பேரும் காற்றைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பேசினீர்கள். நான் டயரைத் துடைத்தேன். அவ்வளவு சுத்தமான டயர் உலகத்திலேயே கிடையாது.

அப்புறம் உன் சட்டைக்கையைப் பிடித்துப் பார்த்தாளே, தோளில் பிரிந்து கோணல்மாணலாகத் தைத்திருந்ததை.

"இத யார் தெச்சது?"

"நான்தாம்மா."

"தெரியுது. ஊசி நூல் எங்க வெச்சிருக்கே?"

கேட்டுக்கொண்டே எழுந்து, உன் அறையைப் பார்த்து நடந்துவிட்டாள். கால் மலையில் பட்டது. அவள் கவனிக்கவில்லை. நீயும் கவனித்திருக்க மாட்டாய், உன் கண் நிறைந்திருந்தது. நான் கவனித்தேன். வலது கால்தான் முதலில்.

மாடி சத்தமில்லாமல் இருக்கிறது. அக்டோபர் வரை பொறுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
மலைகளை வென்ற மாமன்


ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

லாரி நின்றுவிட்டது. மாசத்துக்கு ஒரு தடவை தபால்காரர் தொங்குபாலம் வழியாக நடந்து வருகிறார். நேற்று மட்டும் எண்பத்தேழு மில்லிமீட்டர் மழை. அதைப் பதிவேட்டில் எழுதியது அம்மா. ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டபோதும் பக்கத்தில் நின்று, எழுத்து சாய்கிறது என்று திட்டினார்.

நிலையத்தில் ஐந்து பேர். ஐந்து பேர் சட்டையும் இப்போது நேராக இருக்கிறது. அக்டோபரில் வரும்போது தையல் மிஷினை வண்டியில் ஏற்றி வரச் சொல்கிறார். இங்கே கையால் தைத்துக் கட்டுப்படியாகவில்லையாம். கீழே அவரே எழுதுகிறார்.

அன்புடன்,
மருமகள்

தம்பி, மிஷினுக்கு வேறு மிதிபலகை வாங்கி மாட்டிக் கொண்டு வா. என்னுடையதை வண்டியிலிருந்து கழற்றாதே. திரும்பி வர நான் ஏற வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லை.
அக்கா