அரைநாள் போதுமென்று நான் வாசித்தது

பலேர்மோ, இத்தாலி, 1997 மாசி

ஒழுங்கில்லாமல் எழுதினால் எனக்கு எதுவும் ஓடாது. ஆகவே உங்களுக்குச் சொல்லப்போவதை முதலில் இலக்கமிட்டுக்கொள்கிறேன்.

1. இன்று காலை நடந்தது.
2. கோயில் மண்டபத்தில் நான் எழுதி வாசித்த கட்டுரை.
3. அதனால் ஒரு பிள்ளைக்கு வந்த இடைஞ்சலும், நீங்கள் அதைத் தீர்த்ததும்.
4. கட்டுரையில் பிழையில்லை, கேட்டவர்களே பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்பது.

இன்று காலை வியா மக்வேதா தெருவிலிருந்து சந்தைக்குள் திரும்பியதும் உப்பிட்ட மீனின் வாடை வந்தது. என்னோடு வரும்போது அந்த இடத்தில் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரைவாக நடப்பீர்கள். மன்னார்க்காரருக்கு மீன் வாடை பிடிக்காதா என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் கோயில் சபையிலிருந்து ஆள் வந்திருந்தது. புதிதாக வந்த குடும்பங்களுக்காகப் பழைய கட்டுரையை வருகிற ஞாயிறு மறுபடி வாசிக்க வேண்டுமாம். பழைய கட்டுரையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கட்டுரை உங்களுக்கு நினைவிருக்கும். போன நூற்றாண்டில் இங்கிலாந்தின் பஞ்சாலைப் பிள்ளைகள் பாதிநாள் ஆலையிலும் பாதிநாள் பள்ளியிலும் இருந்ததைப் பற்றியது. அரைநாள் படித்தவர்கள் முழுநாள் படித்தவர்களுக்குப் பின்தங்கவில்லை என்று பள்ளிகளைப் பார்வையிட்ட அதிகாரிகள் எழுதியிருந்தார்கள். அந்த வரியையும் வாசித்தேன். புத்தகத்தில் இருந்தது, வாசித்தேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரேத்தோ தெருவில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் மரியம்மா, பன்னிரண்டு வயது மகளை, ஒரு மணிவரை நடக்கும் பள்ளியிலிருந்து பத்து மணிக்கே கூட்டிக்கொண்டு, சிஞ்ஞோரா என்கிற தன் இத்தாலிய எசமானியின் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினா. கேட்டவர்களுக்கெல்லாம், அரைநாள் காணுமென்று மாஸ்ரரே சொன்னவர் என்றா. எங்கள் சனத்துக்கு மாஸ்ரர் மண்டபத்தில் வாசித்தால் அது சட்டம். எனக்கு இது தெரியாமலா இருந்தது? ஆனாலும் படியேறிப் போய் அப்படியில்லை என்று சொல்லத் துணிவு வரவில்லை. உங்களிடம் வந்து புலம்பினேன். நீங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்பட்டீர்கள். அவவின் வாசலில் நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

மரியம்மா விட்டுக்கொடுக்கவில்லை. “படிச்ச மாஸ்ரர் ஒண்டு சொல்லுறார், படியாத நீங்கள் வேறை ஒண்டு சொல்லுறியள். நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?”

நீங்கள் கோபப்படவில்லை. “ஊரிலையிருந்து கடிதம் வந்தா அதைக் கொண்டு இவரிட்டைத்தானே ஓடுறன், தங்கச்சி. ஏனெண்டு நினைக்கிறாய்? அரைநாள் படிச்சவன் நான். விடிய வாடியிலை மீன் வெட்டிக் காயப்போட்டுட்டு, மத்தியானம் பள்ளிக்குடத்துக்குப் போவன். வாத்தியார் நல்ல மனிசன். நித்திரை கொள்ள விட்டவர். வரவு மட்டும் போட்டவர்.”

உங்கள் கடிதங்களை நான்கு வருடமாக வாசித்துக் காட்டியவன் நான். ஏன் வாசிக்கத் தெரியாது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இதையும் நான்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பள்ளி முடியும்வரை இருந்தாள். அதன் பிறகும் ஒரு மாதம், படியில் அவளுடைய காலடி கேட்கும்போதெல்லாம் மணிக்கூட்டைப் பார்த்தேன். அன்று மரியம்மா வீட்டிலிருந்து படியிறங்கும்போது நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்தத் துரைமார் ஆரைக் கேட்டு எழுதினவை, மாஸ்ரர்? பிள்ளையளைக் கேட்டவையே?”

இப்போது எதை வாசித்தாலும், இது யாரைக் கேட்டு எழுதப்பட்டது என்று பக்கத்தைப் புரட்டித் தேடுகிறேன். பெரும்பாலும் கிடைப்பதில்லை. வரவுப் புத்தகத்தையும் முதலாளிகளையும் கேட்டிருப்பார்கள். மேசையில் தலைவைத்துத் தூங்கியவர்களை யார் எழுப்பிக் கேட்டிருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பேன், அந்த வரியை உங்கள் கேள்வியோடு சேர்த்து.

மேலே நாலாவதாக நான் எழுதியது பிழை. மரியம்மா சரியாகத்தான் விளங்கிக்கொண்டா. கட்டுரைதான் பிழை. அதை எழுதுமுன் நான் கேட்டிருக்க வேண்டிய நீங்கள், மண்டபத்தில் என் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தீர்கள்.